கில்டா அம்மையாருக்கு எங்கள் ஊர்க் கோடை ஒத்துக்கொள்ளாது

திரியெஸ்தே, இத்தாலி,
14 ஜூலை 1996, ஞாயிறு.

அன்பிலும் அதட்டலிலும் எனக்கு அம்மாவுக்குச் சமமான அக்கா நெரினாவுக்கு,

உன் தம்பி ஒத்தாவியோ வணக்கத்துடன் எழுதுவது. இடது முழங்காலையும், மாடி வீட்டுக்காரன் வாசித்துப் பழகும் அக்கார்டியனையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். மெல்போர்னில் உனக்கும் சில்வானோ அத்தானுக்கும் குளிர்காலம் இருமல் சளி இல்லாமல் கழிய வேண்டுமென்று நம் பேட்டைக் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அன்றைக்கு அடித்த வெயிலில் அது திரி பிடிப்பதற்குள்ளேயே குனிந்துவிட்டது. வேண்டுதல் வேண்டுதல்தான், குறையாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை, கறுப்புக் காபி குடித்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறாய், சந்தோஷம். கூடவே உன் கோவில் தோழி கில்டா அம்மையாரையும் அழைத்து வருகிறாய். அறுபது வயது, விதவை, நல்ல கைப்பக்குவம், வெயில் ஆகாது, காற்று ஆகாது, ஈரம் ஆகாது, அதனால் அங்கே கோடை எப்படி இருக்கும் என்று ஒளிக்காமல் எழுது, அறுபத்து நாலு வயதில் உனக்கு இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று எழுதியிருக்கிறாய். நீ கப்பலேறிப் போன நாளிலிருந்து எனக்கு ஒன்பது பெண்களின் புகைப்படம் அனுப்பியிருக்கிறாய் அக்கா. ஒன்பதும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. பத்தாவது ஆள் படமாக வராமல் நேரிலேயே வருகிறார் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குக் கோடை காரணமில்லை.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கில்டா அம்மையாரை அழைத்து வர வேண்டாம். நான் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவளிடம் இன்னும் கேட்கவும் இல்லை. இந்த மூன்றையும் படித்துவிட்டு உடனே தொலைபேசியை எடுக்காதே. முதலில் கடிதத்தை முழுக்கப் படி. அத்தானிடம்கூடச் சொல்லாதே, அவர் வாயில் ரகசியம் தங்கினால் அது உலக அதிசயம்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கோடைதான் காரணம். உனக்குத் தெரியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துச் சுவர்க்கரையில்தான் குடியிருப்பேன். நீ போனபோது இருந்த அதே வெள்ளைச் சுவர், மணலிலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்கும், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெண்கள். பெண்கள் பக்கம் இன்றைக்கும் இரண்டு மடங்கு பெரிது, அந்த அநியாயத்தை எந்த மேயரும் சரிசெய்யவில்லை. முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன் என்பதால் தினமும் காலையில் நான் வந்து துண்டை விரித்ததும் எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். "கேப்டன், இன்னிக்கு எப்படி?" என்பான் துயிலியோ. அவன்தான் என் சீட்டாட்டக் கூட்டாளி, பேக்கரி வைத்திருந்தவன், மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. நான் வானத்தைப் பார்ப்பேன், இஸ்திரியாக் கரையைப் பார்ப்பேன், மீசையைத் தடவுவேன், சொல்வேன். சொன்னால் சொன்னதுதான்.

ஜூன் கடைசியில் அடித்த வெயில் இருக்கிறதே, தெருவைக் கடக்கும்போது என் செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு, பச்சை விளக்கு மாறும்வரை நான் ஒற்றைக் காலில் நின்றேன், பின்னால் இருந்த வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்து என் குடும்பத்தை விசாரித்தார்கள், நம் அம்மாவைப் பற்றிக்கூட ஒருவன் கேட்டான். அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை. வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. துயிலியோ வழக்கம்போலக் கேட்டான். "மூணு நாளைக்கு ஒரு சொட்டு விழாது. விழுந்தா இந்த மீசைய எடுத்துடறேன்" என்றேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், சங்கு ஊதின மாதிரி கேட்டது. "பொம்பளைங்கல்லாம் பன்னண்டு மணிக்குள்ள துண்ட மடிச்சு வையுங்கடி. பாவம், அந்தப் பக்கம் கேப்டன் பேச்சக் கேட்டு நனையப் போறாங்க!"

நான் சிரித்தேன் அக்கா. எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கடலின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது என்னவென்று நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் நெவெரின் வந்துவிட்டது. கோடைப் புயலில் அதற்கு இணை கிடையாது, தந்தி கொடுத்துவிட்டு வருகிற வழக்கமே அதற்கு இல்லை. குடைகள் வேரோடு கிளம்பின, துயிலியோவின் கத்தரிக்காய் வறுவல் மணலோடு மணலாகப் போயிற்று, வால்நட் பருமனில் ஆலங்கட்டி விழுந்து என் வழுக்கையில் தாளம் போட்டது, ஜெயிக்கப் போகிற சீட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒருவன் மட்டும் சீட்டாடும் பலகைக்கு அடியில் குந்தியிருந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தியின் துண்டுகூட நனையவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று துயிலியோவிடம் சொன்னேன். "ஆனைக்குச் சறுக்கும்டா, ஆனா ஆனை மீசையப் பணயம் வைக்காது" என்றான். மறுநாள் காலை எடுத்துவிட்டேன். நாற்பது வருஷ மீசை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட இப்போது வழியில்லை.

கரைக்கு வந்து துண்டை விரித்தேன். அந்தப் பக்கமிருந்து, "கேப்டன் வந்தாச்சா? மீசை இல்லாம மூஞ்சி எப்படியிருக்கு, யாராவது சொல்லுங்கப்பா!"

"உரிச்ச கோழி மாதிரி இருக்கும்மா!" என்று துயிலியோ கத்தினான். நண்பன்!

"அய்யோ பாவம். இந்தாங்க, புடிங்க." சுவருக்கு மேலாக ஒரு பொட்டலம் பறந்து வந்தது. ரொட்டிக்கு நடுவில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு, மேலே மிளகாய் ஊறுகாய். அக்கா, நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நம் அம்மா செய்ததைவிட நன்றாக இருந்தது. சும்மா இருக்கலாமா? மறுநாள் நான் நாலு பீச் பழங்களைத் துணிப்பையில் கட்டி வீசினேன். ஒன்று யார் தலையிலோ விழுந்து அரை மணி நேரம் சாபம் கேட்டது. மற்ற மூன்றும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவள் பெயர் யோலாந்தா. கப்பல்காரர்களின் துணி வெளுக்கும் சலவைக்கடை வைத்திருந்தவள், தனி ஆள். முப்பது வருஷம் விரிப்புகளைக் கொடியில் போட்டு எடுத்தவளுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அது திரும்புவதற்கு முன்னாலேயே தெரியும். "நீங்க கடலப் பாத்துச் சொல்றீங்க, நான் துணியப் பாத்துச் சொல்றேன். கடல் பொய் சொல்லும் கேப்டன், ஈரத்துணி சொல்லாது" என்றாள். நான் காற்றழுத்தமானியை வீட்டிலிருந்து எடுத்து வந்து பார்த்தேன். தோற்றேன். வானொலியைக் கேட்டுவிட்டு வந்து சொன்னேன். வானொலியும் தோற்றது. தினமும் காலை எட்டு மணிக்கு இருபக்கமும் சீட்டாட்டத்தையும் பின்னலையும் நிறுத்திவிட்டு எங்கள் சண்டையைக் கேட்டார்கள். தோற்றுக்கொண்டே இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு யாரும் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

பிறகு சிரோக்கோ வந்தது. தெற்கிலிருந்து வருகிற அந்தப் பிசுபிசுப்பை நீ மறந்திருக்க மாட்டாய். உப்பு ஜாடி கல்லாகிவிடும், கதவு சாத்தாது, சட்டை உடம்பை விட்டு வராது, நல்ல புருஷன் பெண்டாட்டிகூட அந்த மூன்று நாளைக்கு வக்கீலைத் தேடுவார்கள். முதல் நாள் காலையில் துண்டை விரித்துக்கொண்டு, "இன்னிக்கு மழை வரும்!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். பதில் இல்லை. "வராது!" என்றேன். அதற்கும் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் துயிலியோ தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தான், வேண்டாமென்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நான் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லி அவன் கேட்டதே இல்லையாம். அந்த மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது அக்கா. மூன்று நாளாக எனக்கு வானிலையே இல்லை. அவள் குரல் இல்லாவிட்டால் வெயிலடித்தால் என்ன, மழை கொட்டினால் என்ன என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். மற்றவர்கள் வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள். சிரோக்கோவில் அது ஒரு வசதி.

இப்போது நீ கேட்பாய், முகத்தைப் பார்க்க வேண்டியதுதானே, இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாசல், ஒரே டிக்கெட் சன்னல், போகும்போது வரும்போது பார்த்தால் தீர்ந்தது என்று. பார்த்தேனே! அதைத்தான் எழுத வருகிறேன். அன்று சாயங்காலம் வாசலில் நின்றேன். ஒருவேளை அவள் வந்து, தொண்டை கட்டி, பேசாமல் இருந்திருக்கலாம் இல்லையா? அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு பெரிய உடம்பிலிருந்துதான் வர முடியும் என்று முடிவு செய்திருந்தேன். பச்சைத் தொப்பி போட்ட, என்னைவிட அரை முழம் உயரமான ஓர் அம்மாள் வந்தார். நடையே கப்பல் நடை. இவர்தான் என்று மனம் சொல்லிவிட்டது. பின்னாலேயே போய்ப் பேருந்தில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "நீங்க மூணு நாளா பேசல. எனக்குச் சாப்பாடு எறங்கல. நாளைக்கு மழை வருமா வராதான்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு நாளைங்கிறதே இருக்கு" என்று ஆரம்பித்து நாலு நிறுத்தம் பேசினேன். ரொட்டியைப் பற்றிப் பேசினேன், மீசையைப் பற்றிப் பேசினேன், கொஞ்சம் அழுதேன். ஐந்தாவது நிறுத்தத்தில் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். சுண்டெலி பேசினால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு குரல்.

"ஐயா, நீங்க ரொம்ப நல்லவரா தெரியறீங்க. ஆனா நான் நேத்துதான் ஊதினே ஊர்லேர்ந்து என் மக வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு மழை வருமான்னு எனக்குத் தெரியாதுங்க."

நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். எந்த நிறுத்தம் என்று பார்க்கவில்லை. இறங்கினதும் மழை வந்தது. ஏழு நிறுத்தம் நனைந்துகொண்டே நடந்தேன், அதற்குள் காற்று திரும்பி, போரா என்கிற நம் ஊர்க் குளிர்காற்று கிளம்பிவிட்டது. ஜூலை மாதம் அக்கா! ஒரு மணி நேரத்தில் பதினைந்து டிகிரி இறங்கி, எதிரே வந்தவர்களெல்லாம் மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். நான் வீட்டில் கம்பளிச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்து பிராந்தி குடித்தேன்.

போரா எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மறுநாள் காலையில் ஆல்ப்ஸ் மலை தெரிந்தது, கடலில் ஒவ்வொரு அலையையும் எண்ணலாம். நான் துண்டை விரித்தேன், வாயைத் திறக்கவில்லை.

"என்ன கேப்டன், உயிரோட இருக்கீங்களா? சிரோக்கோவில எனக்கு முட்டி வீங்கிடுச்சு, படி எறங்க முடியல. மூணு நாளா யாருகிட்ட தோத்தீங்க?"

அக்கா, இரு பக்கமும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். துயிலியோ என் முதுகில் தட்டினான், இன்னும் அந்த இடம் வலிக்கிறது.

"அது சரி, பஸ்ல யாரோ ஒரு ஊதினேக்காரம்மாகிட்ட அழுதீங்களாமே? அவங்க இங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. யாருக்காக அழுதீங்க?"

இருநூறு பேர் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். புயலில் பெரிய கப்பலைக் கட்டி இழுத்தவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த பதில்: "வானிலைக்காக."

"ஓ. வானிலைக்காகவா" என்றாள். அவ்வளவுதான். அன்று பொட்டலம் வரவில்லை.

ஆகவே அக்கா, நிலைமை இதுதான். எனக்கு அவகாசம் வேண்டும். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், அன்றைக்குத் தைரியத்தைத் திரட்டிக் கேட்டுவிடுவேன். நீ வந்து இறங்கி, பக்கத்தில் கில்டா அம்மையாரும் நின்றால் ஊரே அவரை என் நிச்சயித்த பெண் என்று பேசும், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் செய்தி போக ஐந்து நிமிஷம் போதும். அதோடு என் வாழ்வு முடிந்தது. எனவே அவரிடம் எங்கள் கோடையைப் பற்றி உண்மையைச் சொல். வெயிலில் செருப்பு உருகும். சிரோக்கோவில் மூட்டு வீங்கும். நெவெரினில் மண்டை உடையும். போராவில் அவர் தொப்பி வெனிஸுக்குப் போய்ச் சேரும், அவர் பின்னாலேயே போவார். கடலில் ஜெல்லிமீன் வேறு. மென்மையான பெண்மணி தாங்கமாட்டார், நவம்பரில் வரட்டும், அல்லது வராமலே இருக்கட்டும். நீயும் அக்டோபரில் வா. அதுவரை இந்த விஷயம் உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் பல்லும் படிப்பும் நன்றாக வளர்ந்து, நூறு வயதுவரை என்னைப் போல் அல்லாமல் உன்னைப் போல் அதிகாரமாக வாழட்டும். உனக்கு இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், இந்த முறை விடியற்காலையில்.

என்றும் உன் சொல்லுக்கு (இந்த ஒரு விஷயம் தவிர) அடங்கிய தம்பி,
ஒத்தாவியோ

பின்குறிப்பு, 16 ஜூலை, செவ்வாய்:

மேலே எழுதியிருப்பதில் ஒன்றையும் செய்யாதே. ஓரங்களில் இருக்கும் கிறுக்கல்களும் என்னுடையவை அல்ல.

நேற்றுக் காலை, ஒருமுறை படித்துப் பார்த்து உறையில் போடலாமென்று கடிதத்தைக் கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "இன்னிக்குக் காத்தே கிடையாது" என்று அறிவித்தேன். "பறக்கற சாமான் மேல கல்ல வையுங்கப்பா" என்று அவள் சொன்னாள். ரோஷம் இருக்கிறதே, நான் கல் வைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு வீச்சு. முதல் பக்கம் முழங்காலுக்கடியில் தப்பியது, மீதி எல்லாம் புறா மாதிரிக் கிளம்பிச் சுவரைத் தாண்டிவிட்டன.

பிறகு பள்ளிக்கூட வாத்தியாரம்மா போல ஒருத்தி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். தார்ச் சாலைக்கு ஒரு சிரிப்பு, உரித்த கோழிக்கு ஒரு சிரிப்பு. துயிலியோ என்னைப் பார்த்து, "டேய், இது நீ எழுதினதா?" என்றான். நான் எழுந்து கடலுக்குள் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டேன். அங்கும் கேட்டது. கடிதத்தில் சிரோக்கோ பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் மத்தியானத்தைப் படித்தபோது வாத்தியாரம்மாவின் குரலே கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து யோலாந்தாவின் குரல் வந்தது. கத்தவில்லை. அவளுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"கேப்டன், சுவர் முடியற எடத்துக்கு வாங்க."

காவல்காரன் விசில் ஊதினான். "டேய், விசில முழுங்குடா!" என்று இரு பக்கமும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் நீந்திப் போனேன். சுவரின் முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஒரு குட்டைப் பெண்மணி மிதந்துகொண்டிருந்தாள், வெள்ளை நீச்சல் குல்லா, உருண்டை முகம், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. இவளை நான் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

"முகம் தெரியாதவளப் பத்தியா இவ்ளோ எழுதினீங்க?" என்றாள்.

"உங்களுக்கு மட்டும் தெரியுமா என் முகம்?" என்றேன்.

"பதினோரு வருஷமா தெரியும். தெனமும் காலைல டிக்கெட் சன்னல்ல உங்களுக்கு முன்னாடி நிக்கறது நான்தான். நீங்க ஒரு தடவையாவது குனிஞ்சு பாத்தீங்களா? வானத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு வருவீங்க. முட்டி வலியோட முந்தியடிச்சு உள்ள போய், சுவத்தோரமா எடம் புடிக்கறேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க, நெழலுக்கா? அந்த எடத்துல நெழலே கெடையாது!"

நான் சுவரை விட்டுவிட்டேன் அக்கா, ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. அவள்தான் பிடித்துத் தூக்கினாள். கேட்க வேண்டியதை இருமிக்கொண்டே கேட்டேன். அவள் சொன்ன பதிலை இரு பக்கமும் கேட்டார்கள், துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் கேட்டிருக்கும். இப்போது அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. பறந்து போன தாள்களும் அந்தப் பக்கத்துப் பெண்களின் கிறுக்கல்களோடு என்னிடம் திரும்பி வந்தன.

செப்டம்பர் ஏழு, நகர மன்றத்தில், பதினோரு மணி. மழை வராது என்று அவள் சொல்லிவிட்டாள், நான் கருத்துச் சொல்லவில்லை. நீ ஆகஸ்ட் பத்திலேயே வந்து கல்யாணம்வரை இரு. எங்கள் ஊரில் கோடை சொர்க்கம், காற்று பன்னீர், கடல் பட்டு. கில்டா அம்மையாரையும் தவறாமல் அழைத்து வா. அவர் சீட்டு விளையாடுவாரா, கத்தரிக்காய் வறுவல் பிடிக்குமா என்று துயிலியோ கேட்கிறான். நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டான், இன்று முடிவெட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.